குற்றஞ்சாட்டுபவர்: ஒரு சொல்லும் அதன் சுற்றமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நாளிதழைப் பிரித்தால் நாள்தோறும் கண்ணில் படும் சொற்களுள் ஒன்று 'குற்றச்சாட்டு'. அதைச் சுமந்து வருகின்றவருக்குத் தமிழில் பெயர்கள் பல. காவல் நிலையத்தில் அவர் புகார்தாரர். உரிமையியல் நீதிமன்றத்தில் வாதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுதாரர். ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுத்தவர். இலங்கைத் தமிழரிடையே முறைப்பாட்டாளர். அவரைப் பிடிக்காதவர் வாயிலோ அவர் 'போட்டுக் கொடுத்தவன்'. ஆள் ஒருவரே, பெயர் மாற மாற அவருடைய மதிப்பும் மாறிவிடுகிறது.

அறிவியல் மாணவருக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் எடையும் நிறையும் ஒன்றல்ல என்று முதல் வகுப்பிலேயே கற்றுக் கொடுக்கிறார்கள். சொல் மயங்கினால் கணக்கு மயங்கும் என்பதே அதற்குக் காரணம். இங்கே சொல் மயங்கினால் கணக்கு மட்டுமன்று, ஒரு மனிதனின் மானமும் சில வேளைகளில் உயிரும் மயங்கிப் போகின்றன. ஆதலின் இச்சொல்லையும் அதன் சுற்றத்தையும் சற்றே நெருங்கிக் காண்போம்.

சொல்லின் அமைப்பு

'சாட்டுதல்' என்றால் ஒன்றை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்லுதல். 'குற்றம்' என்ற பெயரோடு இது சேர்ந்து 'குற்றஞ்சாட்டு' என்று வினையாகிறது. 'குற்றச்சாட்டு' என்று பெயராகிறது. குற்றத்தை ஒருவர் மேல் ஏற்றுகின்றவர் குற்றஞ்சாட்டுபவர். ஏற்றுதல் என்ற பொருளிலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஏற்றப்பட்ட சுமை அங்கே நிலைக்குமா, சரிந்து விழுமா என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. அதை முடிவு செய்யும் வேலை வேறொருவருடையது.

இதனோடு பிறந்த மற்றொரு சொல் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்'. சாட்டியவர், சாட்டப்பட்டவர் என்னும் இரண்டுக்கும் இடையே நிற்பது 'படு' என்னும் துணைவினை ஒன்றே. செய்வினை செயப்பாட்டுவினையாக மாறும்பொழுது வழக்கின் இரு கரைகளும் இடம் மாறிவிடுகின்றன. தட்டச்சில் இரண்டு எழுத்து விட்டுப் போனாலும் அடிபட்டவன் அடித்தவனாகி விடுவான். இலக்கண வகுப்பில் தூங்கி வழிகின்ற நம் போன்றோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

மூன்றாவது சொல் 'குற்றவாளி'. 'ஆளி' என்ற விகுதி உடைமையைக் காட்டுவது. அறிவு உடையவர் அறிவாளி. குற்றம் உடையவர் குற்றவாளி. அதாவது குற்றம் இவருடையதுதான் என்று உறுதியான பின்னர் வரவேண்டிய சொல் இது. ஆனால் நம் பேச்சில் அது முந்திக் கொண்டு வந்து உட்கார்ந்து விடுகிறது. 'குற்றவாளி கைது' என்று எழுதுகிறோம். 'குற்றவாளிக் கூண்டு' என்கிறோம். தீர்ப்பு வருமுன்னே கூண்டுக்கே தீர்ப்பின் பெயரை வைத்துவிட்டோம்! கூண்டில் நிற்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவர், அவ்வளவே.

வந்த சொற்களும் வாழும் சொற்களும்

'பிராது' என்பது ஊர்ப்புறத்தில் இன்றும் வழங்கும் சொல். பஞ்சாயத்துக் கூடினால் 'பிராது கொடுத்தது யாரு?' என்பதே முதற்கேள்வி. கேட்பதற்கு நாட்டுப்புறத் தமிழ் போல ஒலித்தாலும் இதன் வேர் பாரசீகம். 'பரியாத்' என்பது அம்மொழியில் உதவி வேண்டி எழுப்பும் ஓலத்தைக் குறிக்கும். 'புகார்' என்பதும் அவ்வாறு வந்ததே. இந்துஸ்தானியில் 'புகார்' என்றால் கூவி அழைத்தல். இரண்டு சொற்களுமே தொடக்கத்தில் வாய்விட்டு எழுப்பிய குரலைக் குறித்தவை என்பது கருதத்தக்கது. புகார் என்றாலே தாளும் எழுத்தும் என்று நாம் நினைக்கிறோம். முதலில் வந்தது குரல். தாள் பின்னால் வந்தது.

'தாரர்' என்பதற்கும் ஒரு கதை உண்டு. பாரசீகத்தில் 'தார்' என்றால் வைத்திருப்பவர். தாசில்தார், ஜமீன்தார், ஹவில்தார் எல்லாம் அவ்வழி வந்தவர்களே. அந்தத் 'தார்' உடன் நம் 'அர்' விகுதி சேர்ந்து பங்குதாரர், விண்ணப்பதாரர், மனுதாரர், புகார்தாரர் என்று ஒரு பெருங்குடும்பமே தமிழில் குடியேறிவிட்டது. 'புகார்தாரர்' என்ற ஒரு சொல்லில் இந்துஸ்தானியும் பாரசீகமும் தமிழும் ஒன்றாக நிற்கின்றன.

'வாதி', 'பிரதிவாதி' என்பவை வடமொழி வழி வந்தவை. நம் காவல் நிலையப் பதிவுகளில் புகார் கொடுத்தவரை வாதி என்றும், மறுதரப்பை எதிரி என்றும் எழுதும் வழக்கம் உண்டு. இலங்கையில் வழக்காளி, எதிராளி என்று வழங்குகிறார்கள். தூய தமிழில் நமக்கு உள்ள அழகிய சொல் 'முறையீடு'. முறை என்பது நீதி. நீதியின் முன் எடுத்து வைத்தல் முறையிடுதல். இலங்கைத் தமிழின் 'முறைப்பாடு' இதற்கு உடன்பிறப்பு.

இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிடலாம். காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரான புகார் வேறு. இந்தப் புகார் வேறு. ஆறு கடலில் புகும் இடம் என்பதால் அமைந்த பழந்தமிழ்ப் பெயர் அது. 'புகாரிலிருந்து வந்தவள் புகார் கொடுத்தாள்' என்று கண்ணகியைப் பற்றிப் பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இரு சொற்களுக்கும் ஒலியில் தவிர உறவு இல்லை.

குறையா, குற்றமா?

மனுவும் புகாரும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். தமிழ்நாட்டில் திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறுவது மக்கள் குறைதீர்க்கும் நாள். அதன் பெயரில் உள்ள சொல் 'குறை', 'குற்றம்' அன்று. தெருவிளக்கு எரியவில்லை, பட்டா வரவில்லை என்பன குறைகள். அவற்றைத் தீர்க்கக் கேட்பது மனு. இன்னார் இன்ன தவறு செய்தார் என்று ஆளைச் சுட்டிச் சொல்லும்போதுதான் அது புகார் ஆகிறது. சொன்னவர் குற்றஞ்சாட்டுபவர் ஆகிறார்.

எங்கள் தெருவில் கல்லூரிப் படி ஏறியவர் மிகச் சிலர். ஆதலால் மனு எழுத வேண்டுமென்றால் என்னைத் தேடி வருவதுண்டு. முதியோர் உதவித்தொகை சில மாதங்களாக நின்றுபோன ஒரு பாட்டி வந்தார். யாரோ ஒருவர் பணம் கேட்டதாகவும், கொடுக்காததால் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். அதையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் கண்ணு, யார் பேரையும் எழுதிப்புடாதே. எனக்குப் பணம் வந்தாப் போதும். பொழுது விடிஞ்சா அந்த ஆபீசுப் படியைத்தானே நான் ஏறணும்" என்றார்.

அவர் சொன்னபடியே குறையை மட்டும் எழுதினேன். பாட்டிக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் குறை சொல்லுகிறவருக்கும் குற்றஞ்சாட்டுபவருக்கும் உள்ள வேறுபாடு நம் எல்லோரையும் விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. குற்றஞ்சாட்டுபவர் என்பது ஒரு சொல் மட்டுமன்று. அது ஒரு நிலை. மறுநாளும் அதே ஊரில், அதே படியில் ஏறி இறங்க வேண்டியவர் எளிதில் ஏற்க முடியாத நிலை. எத்தனையோ குற்றங்கள் குறைகளாகவே எழுதப்பட்டுப் போவதன் காரணம் இதுவே.

இந்த அச்சத்தின் குழந்தைதான் மொட்டைக் கடிதம். அதில் சாட்டு உண்டு, சாட்டுபவர் இல்லை. உண்மை சொல்ல அஞ்சுகிறவனும் அதைத்தான் எழுதுகிறான்; பொய் சொல்லத் துணிந்தவனும் அதைத்தான் எழுதுகிறான். படிக்கிறவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

சிலம்பில் இருவர்

சிலப்பதிகாரத்தில் குற்றஞ்சாட்டுபவர் இருவர் இருக்கின்றனர். முதலாமவன் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன். பழியைக் கோவலன் மேல் ஏற்றினான். பாண்டியன் ஆராயவில்லை. சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு கேள்வி கேட்கவில்லை. குற்றச்சாட்டையே தீர்ப்பாகக் கொண்டான். கோவலன் வெட்டுண்டான்.

இரண்டாமவள் கண்ணகி. வழக்குரை காதையில் அவள் செய்வது ஒரு நல்ல முறையீட்டுக்கு இலக்கணம். தான் யார், எந்த ஊர், யாருடைய மனைவி என்று தன்னை வெளிப்படுத்திக் கொள்கிறாள். யார் மேல் குற்றம் என்று நேரே சொல்கிறாள். அவன் அரசனே ஆயினும் அஞ்சவில்லை. சான்றையும் கையோடு கொண்டு வந்திருக்கிறாள். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்பது அவள் வாதம்; அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். சிலம்பு உடைந்தது; மாணிக்கம் தெறித்தது; வழக்கு முடிந்தது.

இருவருமே குற்றஞ்சாட்டியவர்களே. ஒருவன் அரசனோடு பழக்கமுடையவன். அவன் சொல் சோதனையின்றி ஏற்கப்பட்டது. மற்றவள் ஊருக்குப் புதியவள், கணவனை இழந்தவள். அவள் சொல்லைச் சிலம்பை உடைத்துப் பார்த்த பின்னரே ஏற்றார்கள். உடைத்துப் பார்த்ததில் தவறில்லை. முதல்வனின் சொல்லையும் அவ்வாறு உடைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் காப்பியம் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

சட்டம் சொல்லும் பொருள்

நம் நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973இல் இயற்றப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023 நடைமுறையில் உள்ளது. இரண்டிலுமே முறையீட்டுக்குத் தரப்பட்ட விளக்கம் ஏறக்குறைய ஒன்றே. தெரிந்த அல்லது தெரியாத ஒருவர் குற்றம் செய்தார் என்று, நடவடிக்கை எடுக்கும்பொருட்டு, வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ நீதித்துறை நடுவரிடம் சாட்டி உரைப்பது முறையீடு. காவல்துறையின் அறிக்கை இதில் சேராது.

காவல் நிலையத்தில் சொல்லப்படுவதைச் சட்டம் 'தகவல்' என்றும், சொல்பவரைத் தகவல் தருபவர் என்றும் குறிக்கிறது. புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு இதைப் பற்றியது. காவலர் தாமே பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றி ஒருவர் வாய்மொழியாகச் சொன்னால், நிலையப் பொறுப்பு அதிகாரி அதை எழுத வேண்டும்; எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்; அவர் கையொப்பம் பெற வேண்டும்; பதிவின் படி ஒன்றை இலவசமாகத் தர வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் பெறலாம் என்பதும் இப்பொழுது அப்பிரிவிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. எழுதத் தெரியாதவர் புகார் கொடுக்க முடியாது என்று நம் கிராமங்களில் பலர் இன்னும் நம்புகின்றனர். அது சரியன்று. அவர் குரல் எழுப்பினால் போதும். எழுதுவது அரசின் கடமை. பிராது என்ற சொல்லின் பழைய பொருளைச் சட்டம் மறக்கவில்லை எனலாம்.

வழக்கு நீதிமன்றம் சென்றதும் மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. காவல்துறை தொடுத்த குற்ற வழக்கை நடத்துவது அரசு. புகார் கொடுத்தவர் அங்கே ஒரு சாட்சி. பெரும்பாலும் முதல் சாட்சி. 'சாட்சி' என்ற வடசொல்லுக்குக் கண்ணால் கண்டவர் என்பது பொருள். சாட்டியவர் சாட்சியாகி, மறுதரப்பின் குறுக்கு விசாரணைக்கு ஆளாக வேண்டும். ஏற்றிச் சொன்னவர் கண்டதைச் சொல்ல வேண்டியவர் ஆகிறார்.

மூன்றாவது நிலை

இக்கட்டுரையின் உயிர்நிலை இதுதான். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றால் அது பொய்யா? 'நிரூபிக்க முடியவில்லை, ஆகவே பொய்ப்புகார்' என்று பேசுவது நம்மிடையே சர்வ சாதாரணம். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தொடக்கத்திலேயே மூன்று நிலைகளை வகுத்தது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. மெய்யென்றும் நிறுவப்படாமல், பொய்யென்றும் நிறுவப்படாமல் நிற்பதே மூன்றாவது நிலை. அச்சட்டத்திற்குப் பதிலாக வந்துள்ள 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறது.

அறிவியல் மாணவர்க்கு இது புதிதன்று. ஒரு கருதுகோளுக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பது வேறு. அதற்கு எதிரான சான்று கிடைத்தது என்பது வேறு. கருவியின் நுட்பம் போதாமையால் அளக்க முடியாமற்போன ஒன்றை இல்லாத ஒன்று என்று எந்த ஆய்வுக்குறிப்பேட்டிலும் நாம் எழுதுவதில்லை.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதன் 14ஆம் பிரிவு தெரிந்தே பொய்யாகக் கொடுத்த புகாருக்கு நடவடிக்கை உண்டு என்கிறது. கூடவே, புகாரை நிறுவ முடியாமற்போனது ஒன்றே புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்கக் காரணமாகாது என்றும் சொல்கிறது. யாரும் காணாத இடத்தில் நடந்ததற்குச் சாட்சி எங்கிருந்து வரும் என்று சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. கல்லூரிகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே.

தெரிந்தே பொய் சொல்பவனைச் சட்டம் விட்டுவிடவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவு பொது ஊழியரிடம் தெரிந்தே பொய்த்தகவல் தருவதையும், 248ஆம் பிரிவு தீங்கு செய்யும் நோக்கத்தோடு ஆதாரமில்லை என்று அறிந்தே பொய்க்குற்றம் சாட்டுவதையும் தண்டிக்கின்றன. அதே சமயம் அவதூறு பற்றிய 356ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதிகாரம் உடையவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் குற்றச்சாட்டு அவதூறாகாது. அதே செய்தியைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பரப்பினால் இப்பாதுகாப்பு கிட்டாது. கோள் என்பதற்கும் முறையீடு என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. கோள் காதோடு பேசும். முறையீடு கேட்க வேண்டியவர் முன் நின்று பேசும்.

பிற நாடுகளில்

பண்டைய ஏதென்சு நகரில் அரசு வழக்கறிஞர் என்று ஒருவர் இல்லை. பொதுக்குற்றங்களுக்கு எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். இதைப் பிழைப்பாக்கிக் கொண்டு பணம் பறித்தவர்களும் தோன்றினர். அவர்களைக் கட்டுப்படுத்த, நடுவர்களின் வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெறாத குற்றஞ்சாட்டுபவருக்கு 1000 திராக்மா தண்டம் என்று விதித்தார்கள். பெருந்திரளாக அமர்ந்திருந்த நடுவர்களின் முன்தான் கி.மு. 399இல் மெலிட்டசும் அவன் கூட்டாளிகள் இருவரும் சாக்ரட்டீசு மேல் குற்றம் சாட்டினர். குற்றச்சாட்டு வென்றது, நஞ்சுக் கோப்பை வந்தது. வாக்கில் வென்ற குற்றச்சாட்டு வரலாற்றில் தோற்றது.

பிரான்சில் இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. டிரைபசு என்ற படை அதிகாரி 1894இல் நாட்டைக் காட்டிக் கொடுத்ததாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தீவாந்தரத்துக்கு அனுப்பப்பட்டார். 1898 சனவரி 13 அன்று எமிலி சோலா என்ற எழுத்தாளர் 'நான் குற்றஞ்சாட்டுகிறேன்' என்ற தலைப்பில் ஒரு திறந்த கடிதத்தை நாளிதழில் வெளியிட்டார். படைத்தலைவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொருவர் செய்த தவற்றையும் எழுதினார். தம்மேல் அவதூறு வழக்கு வரும் என்று அறிந்தே தம் பெயரைக் கீழே போட்டார். வழக்கு வந்தது, தண்டனையும் வந்தது, இங்கிலாந்துக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. டிரைபசு குற்றமற்றவர் என்று 1906இல் நீதிமன்றம் சொன்னபொழுது அதைக் கேட்கச் சோலா உயிரோடு இல்லை. 1902இலேயே இறந்துவிட்டார். குற்றஞ்சாட்டுபவர் என்ற சொல்லுக்கு இத்தனை பெருமையைத் தேடித் தந்தவர் வேறொருவர் இருப்பது அரிது.

நம் கையில் உள்ளது

நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். உறவும் தெருவும் மனு எழுத நம்மிடம்தான் வரப்போகின்றன. ஆகவே இச்சொற்களைச் சரியாக வழங்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

கூலி பாக்கி என்று ஒருவர் வந்தால், 'அவன் திருடன், ஏமாற்றுக்காரன்' என்று எழுதக் கூடாது. 'இன்ன தேதி முதல் 12 நாள் வேலை செய்தேன். 8 நாள் கூலி தந்தார். 4 நாள் கூலி தரவில்லை. கேட்டதற்கு இவ்வாறு சொன்னார்' என்று எழுத வேண்டும். முன்னது வசை, பின்னது குற்றச்சாட்டு. வசைக்கு மறுப்பு வசைதான். தேதியும் கணக்கும் கொண்ட குற்றச்சாட்டுக்கு மறுதரப்பு விடை சொல்லியே ஆகவேண்டும். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டையும், காவல் நிலையமானால் சி.எஸ்.ஆர். ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும். தாம் சொன்னதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கைநாட்டு வைக்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு வரும்வரை சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்னாதிருப்போம். தீர்ப்பு எதுவாயினும், பொய்யென்று நிறுவப்படாதவரை சாட்டியவரைப் பொய்யர் என்னாதிருப்போம். இந்த இரண்டு அடக்கமும் சேர்ந்ததுதான் நியாயம். ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பவர் ஒரு கட்சியைச் சேர்ந்தவர் ஆவார், நடுநிலையாளர் ஆகமாட்டார்.

மேலும், குற்றம் சாட்டியதற்காக ஒருவரைப் 'போட்டுக் கொடுத்தவன்' என்று ஒதுக்கும் வழக்கத்தை நம் தலைமுறையோடு நிறுத்துவோம். ஆளைச் சுட்டிச் சொல்ல அஞ்சாத நாள் ஒன்று வந்தால், பெயர் எழுதாதே என்று சொல்லும் பாட்டிகள் தங்கள் குற்றச்சாட்டைக் குறையாகச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. முறையீடு என்ற சொல்லில் உள்ள முறை அன்றுதான் முழுப்பொருள் பெறும்.